பெரிய பெட்

பலகை வெட்டும் ரவுட்டர் கிட் வாங்குகிறவர்கள் முதலில் மோட்டாரைப் பார்க்கிறார்கள். அது தவறு. முதலில் பார்க்க வேண்டியது பெட் அளவை. மோட்டாரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பெட் சிறியதாகப் போய்விட்டால் ஆயுசுக்கும் அந்தச் சிறுமையோடுதான் காலம் தள்ள வேண்டும்.

நடந்தது எல்லாமே பெட் என்கிற இந்த ஒரு சொல்லில் இருந்துதான் ஆரம்பித்தது என்பதால் இதைச் சொல்லிவைக்கிறேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பொய் சொல்வதற்குப் பேச வேண்டும். நான் அதிகம் பேசுகிறவன் அல்ல.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு விடுதியில் மேலாளராக இருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டையில் ‘மௌனம்’ என்று அட்டை குத்திக்கொண்டு திரிகிறவர்கள். விமானம் ஏறி வந்து, அறை எடுத்து, பேசாமல் இருக்கிறார்கள். ஊரே அவர்களை மதிக்கிறது. அதையே நான் வேங்கிக்காலில் என் வீட்டு மாடியில், கையில் ஒரு புத்தகத்தோடு, இலவசமாகச் செய்கிறேன். என் மனைவி கவிநிலா அதை மௌனம் என்று சொல்வதில்லை. “கல்லு மாதிரி குந்திகினு இருக்கறது” என்பாள்.

விடுதியின் கீழே காபிக் கடை வைத்திருப்பவன் அஸ்பாக். மௌனத்தில் இருந்த விருந்தினர் ஒருவர், தன் ஊரில் தானே செய்த பின்பால் இயந்திரத்தின் வீடியோவை ஒருநாள் எங்கள் இருவருக்கும் காட்டினார். சாய்ந்த பலகை, அதில் உருண்டோடும் இரும்புக் குண்டு, விழ வரும் குண்டைத் தட்டி மேலே அனுப்ப அடியில் இரண்டு துடுப்புகள். அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் எங்கள் இருவர் புத்தியையும் கெடுத்துவிட்டுப் போனார். அதேபோல ஒன்றைச் செய்தே தீர்வது என்று முடிவானது. பலகையில் அத்தனை வளைவுகளையும் ஓட்டைகளையும் கையால் வெட்ட முடியாது. கணினி சொல்கிற கோட்டில் வெட்டுகிற சி.என்.சி. ரவுட்டர் வேண்டும். பலகையைக் கிடத்துகிற பரப்புக்குத்தான் பெட் என்று பெயர்.

அஸ்பாக் சின்ன கிட்டே போதும் என்றான். “பலகைய ரெண்டா வெட்டி ஒட்டிக்கலாம்ணா.” ஒட்டின இடத்தில் குண்டு ஒவ்வொரு முறையும் தடுக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று அவனிடம் போனில் சொன்னேன்: “வேணாம்பா. வாங்கறதுதான் வாங்கறோம், பெரிய பெட்டா வாங்கிடலாம்.”

போனை வைத்தபோது கவிநிலா கதவருகில் நின்றிருந்தாள்.

“பெட்டு வாங்கறீங்களா? எங்கப்பாவுக்கா?”

அவள் அப்பா அப்பாதுரை கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிடுகிறவர். ரொம்ப நாளாக முதுகுவலி. இதை அவள் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் கையில் இருந்த புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டினேன். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். பக்கம் புரட்டுவதற்கு அப்படி ஓர் அர்த்தம் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது.

“நான் சொன்னது உங்க காதுலயே வுழலன்னு நெனச்சேன்,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சின்னது வேணாங்க. அப்பா ஒசரம். கால் வெளிய தொங்கும்.”

ஆகவே மூவரில் இருவர் பெரிய பெட் கேட்டோம். அதில் ஒருவருக்கு எது பெட் என்று தெரியாது. தேர்தல்களில் இது சகஜம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சில கிட்டில் பெட்டே முன்னும் பின்னும் நகரும். சிலதில் பெட் அசையாது, மேலே பாலம்போல ஒரு சட்டம் நகரும். பாலம் நகர்வதுதான் நல்லது. பெட்டின் மேல் கனமான பொருளை வைத்தாலும் தடுமாறாது. மாமனார் விஷயத்தில் இது மிகவும் சரியாக இருந்தது.

கிட் வந்து இறங்கியது. அஸ்பாக்கும் நானும் மாடியில் பூட்டி முடித்தோம். கவிநிலா வந்து பார்த்தாள். அலுமினியச் சட்டங்களையும் ஒயர்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள்.

“மெத்தை எங்க?”

அஸ்பாக் என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“டாக்டர் பெட்டு போல,” என்று அவளே முடிவுசெய்தாள். “அப்பாவுக்கு வலி கேக்கலன்னா வெச்சிக்கக் கூடாது, சொல்லிட்டேன். திருப்பி அனுப்பிடணும்.”

அந்த நிமிடத்தில் இருந்து என் இயந்திரத்தின் கதி என் மாமனாரின் முதுகில் இருந்தது. இதை நான் தேடிப் போகவில்லை.

அப்பாதுரை மறுநாள் தலையணையோடு பஸ் ஏறி வந்தார். பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. “இது அதானே மாப்ள? டவுனுல ஒரு மாடில சும்மாவே படுக்க வெச்சி, முதுகுல உருளைய ஓட வுடறாங்களே, அந்தப் பெட்டு?” நான் பதிலை யோசிப்பதற்குள் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறப் படுத்துவிட்டார். தலைக்கு ஒரு முக்காலி, காலுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

“இம்மாம் பெருசு வாங்கியும் கால் தொங்குது பாருங்க,” என்றாள் கவிநிலா.

பாலத்துக்கும் பெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி பலகைக்குப் போதும், மனிதருக்குப் போதாது. எப்படியும் படுக்கத்தான் போகிறார், இடித்துக்கொள்ளாமல் படுக்கட்டும் என்று பாலத்தின் கீழே கட்டைகள் வைத்து உயர்த்தினேன். கிட்டோடு வந்த விளக்கத்தில் இதற்கு வழி சொல்லவில்லை. அதை எழுதியவருக்கு மாமனார் இல்லை போலும். வெட்டும் முனையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மோட்டாரை ஓடவிட்டேன். நான் அரக்கன் அல்ல.

பாலம் அவருடைய முதுகுக்கு மேலே போய்ப் போய் வந்தது. சட்டம் அதிர்ந்தது, மோட்டாரின் காற்று பட்டது. மற்றபடி ஒன்றும் அவரைத் தொடவில்லை. எழுந்து நிமிர்ந்து நின்றார். “சும்மா சொல்லக்கூடாது மாப்ள. வலி கம்மியாயிட்ச்சி. ஜாஸ்தி சொகம்.”

ஊருக்குத் திரும்பாமல் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். தினமும் மதியச் சோற்றுக்குப் பிறகு படுப்பார், உடனே தூங்கிவிடுவார். இயந்திரம் வீட்டிலேயே இருந்தது, ஆனால் ஒரு பலகையும் அதில் ஏறவில்லை. என் நிலைமையை யாரும் யோசிக்கவில்லை.

புது ரவுட்டரில் நேரடியாகப் பலகையை வெட்டக் கூடாது. முனை இருக்கிற இடத்தில் ஒரு பேனாவைப் பொருத்தி, முதலில் வரைந்து பார்க்க வேண்டும். இது எல்லோரும் செய்வது. காகிதத்தில்தான் செய்வார்கள். ஆனால் மின்விசிறிக் காற்றில் காகிதம் படபடக்கும். மாமனார் படபடக்க மாட்டார். முதுகு அகலமானது, பாலமோ எப்படியும் அதன் மேலேதான் போய்க்கொண்டிருந்தது. ஸ்கெட்ச் பேனா வியர்வையில் கலைந்ததால் அழியாத மார்க்கரை எடுத்தேன். மேடுபள்ளத்துக்காக ஒரு ஸ்பிரிங்கும் வைத்தேன்.

“கூசுது மாப்ள,” என்று தூக்கத்தில் ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான்.

ஆட்டப் பலகை முழுவதும் வந்துவிட்டது. தோள்பட்டைகளுக்கு நடுவில் மூன்று வட்டங்கள், பக்கங்களில் வளைந்த பாதைகள், இடுப்புக்கு மேலே இரண்டு துடுப்புகள். துடுப்புகளுக்குக் கீழே, குண்டு விழுகிற இடத்தில், அஸ்பாக் ஆசைப்பட்டபடி ‘ஆட்டம் முடிந்தது’ என்று ஒரு வரி. கோடு பிசகாமல் இருந்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விழித்ததும் துடைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். பிறகு கையில் இருந்த நாவல் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டது.

நான் தலை நிமிர்ந்தபோது பெட் காலியாக இருந்தது. அன்று பௌர்ணமி. வலி போன சந்தோஷத்தில் அவர், பல வருஷங்களுக்குப் பிறகு, கிரிவலம் போய்விட்டார். மேல்சட்டை இல்லாமல், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

அஸ்பாக் கடையில் இருந்து போன் செய்தான். அவன் குரல் மெதுவாக இருந்தது.

“அண்ணா, உங்க மாமனாரு முதுகுல நம்ம போர்டு போவுது.”

நான் நாவலில் அடையாளம் வைத்து மூடினேன்.

“பின்னாடி ஒரு கும்பலே போவுதுணா. வெள்ளக்காரங்கல்லாம் போட்டோ எடுக்கறாங்க. சித்தர் போட்ட சக்கரம்னு ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்குது.” கொஞ்சம் நிறுத்தி, “லெஃப்ட் துடுப்பு லேசா கோணலா இருக்குதுணா,” என்றான்.

அவன் சொன்னது சரி. நானும் கவனித்திருந்தேன்.

கிரிவலப் பாதையில் நிருதி லிங்கத்தைத் தாண்டியதும் பூ விற்கும் பச்சையம்மாள் என்கிற அம்மா அவரை நிறுத்தி, முதுகில் எழுதியிருப்பதைப் பக்கத்தில் இருந்தவரைப் படிக்கச்சொல்லிக் கேட்டு, அவரிடமே சொல்லிவிட்டாராம். “உன் முதுகுல ஆட்டம் முடிஞ்சிதுன்னு எழுதிக்கீது சாமி. குடுத்து வெச்சவன் நீ. இன்னி தேதிக்கு யாருக்கு முன்கூட்டியே தகவல் வருது?”

மாமனார் மீதிச் சுற்றை முடித்தார். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போய், கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டார். இந்தப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கஞ்சி மட்டும் இரண்டு வாய். டாக்டர் வந்து பார்த்து உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்றார். “ஒடம்புல இல்ல டாக்டர், முதுகுல இருக்குது,” என்றாராம் மாமனார்.

கவிநிலா அங்கேயே தங்கி அழுதாள். அவள் தம்பி பலராமன் எனக்குப் போன் செய்தான். “மாமா, அப்பா சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பச் சொல்றாரு. நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க.”

ஒரு வார்த்தை போதும் என்பது எனக்கும் தெரியும். ‘மார்க்கர்’ என்று சொன்னால் அவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். இயந்திரமும் அன்றைக்கே திரும்பிப் போய்விடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தேன். யோசிக்கச் சில நாட்கள் ஆயின. அந்த நாட்களில் அவர் மெலிந்தார். இது என் தவறு என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அவசரப்பட்டு முடிவெடுப்பது என் சுபாவம் இல்லை.

கடைசியில் இருவருக்கும் பாதகமில்லாத வழி கிடைத்தது. வேனில் போய், “மாமா, கடைசியா ஒரு தபா பெட்டுல படுங்க,” என்றேன். நான் பேசியதே பெரிய விஷயம் என்று எல்லோரும் அவரைத் தூக்கி அனுப்பினார்கள். மாடியில் ஸ்பிரிட் போட்டு முதுகைத் துடைத்தேன். தைலம் என்று நினைத்துக்கொண்டார். நான் தைலம் என்று சொல்லவில்லை. அவர் தூங்கியதும் அடியில் புதிதாக ஒரு வரி எழுதவைத்தேன்: ‘மறு ஆட்டம் உண்டு’. பின்பாலில் நிறையப் புள்ளி எடுத்தவருக்குக் கிடைப்பது அது. எப்படியும் படுத்திருக்கிறார் என்பதால் மேலே பலகை முழுவதையும் மறுபடி வரைந்து, இடது துடுப்பையும் சரிசெய்தேன். அந்த இடத்தில் ஒரு மரு இருந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போகும்படி பாதையை மாற்றினேன். பலகையிலும் பிறகு அந்த வளைவை அப்படியே வைத்துக்கொண்டோம்.

ஊருக்குத் திரும்பக் கொண்டுபோய் அவரைக் குளிப்பாட்டும்போது பலராமன் அதைப் படித்தான்.

“மறு ஆட்டம்னா இன்னாடா?”

“இன்னொரு தபா ஆடலாம்னு அர்த்தம்பா.”

“இந்த ஒடம்போடவேவா?”

“வேற எந்த ஒடம்புல எழுதியிருக்குது?”

அப்பாதுரை கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு கருவாட்டுக் குழம்பு வைக்கச் சொன்னார். விதை மல்லாட்டைக்கும் ஆள் அனுப்பினார்.

அந்தக் குழம்பு சாப்பிட என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் எல்லோரும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பலராமன் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறவன். அப்பாவின் வெறும் முதுகுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து வெகுநேரமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அக்கா,” என்றான், “சாமியே எழுதுனாலும் இந்த எழுத்துல எழுதாது. இது எங்க ஆபீஸ் சர்க்குலர்ல வர்ற எழுத்து. ‘ட்’டு மேல புள்ளி ஒட்டாம நிக்குது பாரு.”

கவிநிலா சாதக் கரண்டியோடு என் பக்கம் திரும்பினாள்.

“என் மூஞ்சியப் பாத்து சொல்லுங்க. அப்பா முதுகுல எழுதனது நீங்களா?”

மாமனார் சோற்றைப் பிசைவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் இந்த முறை பேசாமல் இருந்தால் ஆமாம் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று தெரிந்தது. இயந்திரத்தை நினைத்தேன் என்று நீங்கள் சொல்வீர்கள். நான் நினைத்தது அவர் கையில் இருந்த சோற்றை.

நான் எழுதவில்லை என்றேன். அது உண்மைதான். என் கையெழுத்து அவ்வளவு அழகாக இருக்காது.