அரைமணி நேர நைட்ரஜன்

உங்கள் விசாரணை அறையில் ஈரம் அதிகம், சார். சுவர் மூலையில் பூசணம் பூத்திருக்கிறது. ஒன்பது வருடம் ஈரத்தோடு மல்லுக்கு நின்றவள் நான், அதனால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ரத்தத்திலுள்ள புரதத்தை மெல்லிய தகடாக உலர்த்தி, அதன் வழியே டெராஹெர்ட்ஸ் கதிரைச் செலுத்தி வரைபடம் எடுப்பது என் வேலை. அந்தக் கதிருக்கும் தண்ணீருக்கும் ஜென்மப் பகை. தகட்டை வைக்கும் பெட்டிக்குள் கொஞ்சம் ஈரக்காற்று இருந்தாலும் வரைபடத்தில் பள்ளம் விழும். அதனால் ஒவ்வொரு முறையும் முதலில் அரைமணி நேரம் உலர்ந்த நைட்ரஜனை ஓடவிட்டு ஈரத்தை விரட்ட வேண்டும்.

புரதத்தை விரிசல் விடாமல் உலர்த்தும் முறையைக் கண்டுபிடித்தவள் நான். கட்டுரை வந்தபோது அத்தான் பெயர் மட்டும் இருந்தது. அக்காவின் கணவர்தான் ஆய்வகத் தலைவர். அக்காவிடம் போய் அழுதேன்.

"உன் பேரா இருந்தா என்ன, அவர் பேரா இருந்தா என்ன? வீட்டுக்குள்ளதானே இருக்கு," என்றாள், துணி மடித்துக்கொண்டே.

அடுத்தது ரத்தத்தில் புற்றுநோயைக் கண்டறியும் ஆய்வு. அதில், புற்றுநோயாளிகளின் மாதிரிகளுக்கு மட்டும் நைட்ரஜனைப் பத்து நிமிடத்தில் நிறுத்தினேன். பள்ளம் விழுந்தது. அதுதான் நோயின் அடையாளம் என்று அத்தான் மேடை மேடையாகச் சொன்னார். பெட்டியைத் தொட்டே பல வருடமான மனிதர். அது வெறும் நீராவி என்று அவருக்குத் தெரியவில்லை. நன்றாக மேலே ஏறட்டும், பிறகு விழட்டும் என்று காத்திருந்தேன்.

அப்போதுதான் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. டாக்டர் சதை எடுத்துப் பார்க்கச் சொன்னார். கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம்.

"நம்ம மெஷின் இருக்கும்போது அதெல்லாம் எதுக்கு?" என்றார் அத்தான்.

அக்கா என்னைப் பார்த்தாள். "நீயே பாத்துச் சொல்லுடி. நீ சொன்னா நம்புவேன்."

அவள் ரத்தத்துக்கும் பத்து நிமிடத்தில் நிறுத்தியிருந்தால் பள்ளம் விழுந்திருக்கும். அவளும் டாக்டரிடம் ஓடியிருப்பாள். நான் அரைமணி நேரமும் ஓடவிட்டேன். கோடு வழுவழுவென்று வந்தது. "ஒண்ணுமில்லக்கா," என்றேன். என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

பதினோரு மாதத்தில் போய்ச் சேர்ந்தாள். தன் கண்டுபிடிப்பே அவளைக் கொன்றுவிட்டது என்று அத்தான் அந்தப் பெட்டி முன்னால் தலையில் அடித்துக்கொள்வார். அதைப் பார்க்கத்தான் ஒருநாள்கூட லீவு போடாமல் வேலைக்குப் போனேன்.

மற்றவர்களின் ரத்த மாதிரிகளில் தில்லுமுல்லு செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அக்கா விஷயத்தில் என்மேல் பழி போடாதீர்கள், சார். அந்த ஒன்றை மட்டும் நான் விதிப்படிதான் செய்தேன்.