இலக்கு தெரிகிறது

இருந்தவர்கள்: கரமனை மீரா, அவள் அப்பா ஸ்ரீகண்டனோடு ஒரே ஏவுகணைப் படகில் வேலை பார்த்த பாறசாலை ஞானசிகாமணி, நர்ஸ் ஷைலஜா. இடம்: திருவனந்தபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, ஐசியு வாசல், மத்தியானம். ஸ்ரீகண்டன் உள்ளே.

— உங்க அப்பா சொல்லிட்டே கிடக்கது ருஷ்யன் பாஷையாக்கும் மக்ளே. நீ ரெக்கார்டு பண்ணி போன்ல கேப்பிச்சப்பளே எனக்கு விளங்கிட்டு.

— ருஷ்யனா? ஞானசிகாமணி மாமா, எங்காத்துல அப்பா கப்பலைப் பத்தி வாயே திறந்ததில்லை. நேவியை விட்டு வந்தார், ஆபீஸ் போனார், சுலோகம் சொன்னார், அவ்வளவுதான். பக்கவாதம் வந்ததுலேந்து தமிழே போயிடுத்து. ராப்பகலா இது ஒண்ணுதான். கண்ணை மூடவே மாட்டேங்கறார்.

— வீஜு த்ஸேல். ‘இலக்கு தெரியுது’ன்னு அர்த்தம்.

— யார்கிட்டே சொல்றார்?

— கேப்டன்கிட்ட. எழுபத்தொண்ணு பாகிஸ்தான் யுத்தத்துல சாமி ரேடார், நான் கீழ எஞ்சின். நேர்ல சாமின்னு கூப்பிடுவோம். அந்தாண்ட திரும்பினா பட்டரு.

— தெரியும், பிராமணாளைப் பரிகாசம் பண்ற பேர். அப்பாவுக்கும் தெரியும். படகுக்குள்ள ருஷ்யன் எதுக்கு?

— படகே அவன் உண்டாக்கினதுல்லா. விளாடிவோஸ்டாக் பனியில கொண்டு போய் நிறுத்திப் படிப்பிச்சான். யுத்தத்துல இங்கிலீஷ் பேசினா எதிரி ரேடியோவுல கேட்டுருவான். ருஷ்யன்னா எவனுக்கும் விளங்காது. கரமனைப் பட்டரு அரபிக்கடல் நடுவுல ருஷ்யன் பேசுதாரு, யோசிச்சுப் பாரு.

— பெரிய கப்பலா அது?

— கப்பலா? பெரிய வள்ளம்னு வச்சுக்கோ. சொந்தக் கரைக்குக் காவல் கிடக்கதுக்குச் செஞ்சது. முதுகுல நாலு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஏவுகணை. மிச்சமெல்லாம் எஞ்சின். உள்ள மனுஷனும் இருப்பான்னு வரைஞ்சவனுக்கு ஓர்மையே வரல போல. எண்ணெயும் கொஞ்சந்தான் கொள்ளும். கராச்சி வரை போய் அடிச்சுட்டுத் திரும்ப அதால ஒக்காது.

— பின்னே எப்படிப் போனேள்?

— கயிறு கட்டி இழுத்துட்டுப் போனாவ, பெரிய கப்பல்ல. சந்தைக்கு மாடு இழுத்துட்டுப் போற மாதிரி. பாதி தூரம் தாண்டிக் கயிறை விட்டாச்சு. அப்பம் எஞ்சின் எடுத்த எடுப்பு இருக்கே மக்ளே… கடலைக் கீறுத சத்தம் இரும்பு வழியா எலும்புல ஏறிச்சு. வாசல்ல கட்டிப் போட வாங்கின சாதனம், அடுத்தவன் வீட்டுக்குள்ள போய் நிக்குது.

— தீயை அப்பா பார்த்தாரா?

— ஒருத்தனும் பாக்கல. ஏவுகணை போகும்போ வெளிய ஆளு நின்னா வெந்துருவான். எல்லா மூடியும் அடைச்சு முறுக்கியாச்சு. உள்ள ஸ்கிரீன்ல ஒரு புள்ளி. சாமி ‘வீஜு த்ஸேல்’ங்காரு. மேலேருந்து பதில் வருது. வள்ளம் குலுங்குது. கொஞ்ச நேரத்துல புள்ளி இல்ல. கண்ணு எட்டாத தூரத்துல ஒரு முழுக் கப்பலு, பாத்துக்க. இப்பவும் எனக்குப் புல்லரிக்கும். அதுல எத்தன பேரோ. அன்னைக்கு அதை யாரும் நினைக்கல.

— சேச்சி, டாக்டர் பறஞ்ஞாச்சு. சாயங்காலத்துக்குள்ள அச்சன் உறங்கலேன்னா மயக்க மருந்து கொடுத்து டியூப் போடணும். ஹார்ட் அதைத் தாங்குமான்னு சொல்ல முடியாதாம்.

— சரி ஷைலஜா. கேட்டேளா மாமா, இதுக்குத்தான் உங்களை ஓடி வரச் சொன்னேன். உள்ளே போய் ஏதாவது சொல்லித் தூங்கப் பண்ணுங்கோ.

— ஏதாவது சொன்னா எடுபடாது. ரேடார்காரன் ஒண்ணு சொன்னா மேலேருந்து பதில் வரணும். வரலன்னா திரும்பச் சொல்லணும். வருது வரைக்கும் கண்ணை எடுக்கப்பிடாது. அது சட்டம். சாமிக்கு இன்னும் பதில் கிட்டல. அதாக்கும் சங்கதி.

— அப்போ அந்தப் பதிலைச் சொல்லுங்கோ.

— கேப்டன் என்ன சொன்னாருன்னு எனக்கு எங்க கேட்டுது? எஞ்சின் ரூம்ல பக்கத்துல நிக்கவன் கத்தினாலே கேக்காது. கேட்டுச் சொல்ல இப்ப கேப்டனும் இல்ல.

— அப்போ நீங்க வந்தும் பிரயோஜனம் இல்லையா?

— நில்லு பிள்ளே. ஒரே ஒரு உத்தரவு எனக்குத் தெரியும். அடிச்சு முடிச்சுத் திரும்பும்போ ரேடாரை அணைக்கச் சொல்லுவாவ. அது ஓடிட்டே இருந்தா நாம இருக்க இடத்தைக் காட்டிக் குடுத்துரும்லா. அதுக்குப் போற கரண்டை நிறுத்துதது நான். அதனால அந்த உத்தரவு மட்டும் காதுல மாட்டுத போன்ல எனக்கும் வரும், சாமிக்கும் வரும்.

— அது வந்தப்போ அப்பா என்ன பண்ணினார்?

— இருந்த இருப்புல சரிஞ்சாரு. நான் மேல ஏறி வந்து, செத்துட்டாருன்னு நினைச்சு மூக்குல விரல் வச்சுப் பாத்தேன். உறக்கம். பம்பாய் வந்து சேருத வரை எழும்பல.

— அது போறும் மாமா. அதையே சொல்லுங்கோ. அப்பா தூங்கட்டும்.

— அங்கிள், செருப்பை இங்க விட்டுட்டு வாங்க. ஒராள் மாத்திரம். சேச்சி இங்கயே இருங்க.

— இவ்வளவு நாளு எங்க போய்க் கிடந்தேன்னு பட்டரு ருஷ்யன்ல ஏசப் போறாரு. வாறேன் மக்ளே.

— போயாச்சு சேச்சி. இனி உள்ளேருந்து அவங்க திறந்தாத்தான்.

— ஷைலஜா… அந்தப் பதில் வரலைன்னுதானே அப்பா முழிச்சுண்டிருக்கார்? இந்த ஹார்ட்டை வச்சுண்டு இத்தனை நாள் தாக்குப் பிடிச்சதும் அதுக்காகத்தானே? மாமாவைக் கூப்பிடு. அந்த உத்தரவைச் சொல்ல வேண்டாம்னு சொல்லு.

— கதவு பூட்டியாச்சு, சேச்சி.