வக்ஃபுக்கு வந்த கிராபிக்ஸ் கார்டு

இல்ல தம்பி, அங்கதான் உலகமே ஏமாந்து நிக்குது. புது டிரைவர்னா நல்ல டிரைவர்ங்கிறது மனுஷ ஜாதி இதுவரைக்கும் நம்பின பொய்யிலயே பெரிய பொய். பூமி தட்டைன்னு சொன்னவன்கூட ஒருநாள் திருந்திட்டான். இந்தக் கூட்டம் திருந்தாது. பழைய கார்டை ஓட்டப் புது டிரைவர் சாஃப்ட்வேர் போட்டா என்ன ஆகும்? கார்டைச் செஞ்சவனே அதைக் கைகழுவி வருஷமாச்சு. இப்படி ஒரு கார்டு பொறந்ததே புது டிரைவருக்குத் தெரியாது. டிவி இருட்டிப் போகும். அதோ, இப்பவே இருட்டித்தானே கெடக்கு?

பென் டிரைவைப் பையில போடுங்க. ஸ்க்ரூ டிரைவரையும் கீழ வைங்க, இந்தப் பள்ளிவாசலைப் பாத்துக்கிறவன் நான், கார்டைக் கழட்ட விடமாட்டேன். வர்த்தோயோ ஜோக்ஜா டவுன்லேர்ந்து உங்களை வரவழைச்சான், விஷயத்தைச் சொல்லலையா? எப்படிச் சொல்வான், பள்ளிவாசல் பொருளாளராச்சே, கணக்கு மட்டும்தான் தெரியும். தம்பி, அது வக்ஃபு, அல்லாவுக்குன்னு குடுத்த தானம். ஹாஜி வசீத்தோவோட பையன் பிந்தாங், பைக்ல போய் லாரியில மோதி மவுத்தாயிட்டான். அவன் கேம் ஆடின கம்ப்யூட்டர்ல இருந்த கார்டு. ஹாஜி துணியில சுத்தி எடுத்துட்டு வந்து பள்ளிவாசலுக்குக் குடுத்தாரு. இது இங்க ஓடுற வரைக்கும் பையனுக்கு நன்மை போய்ச் சேந்துக்கிட்டே இருக்கும். கழட்டினா நின்னுடும். அவர்கிட்ட நீங்க சொல்றீங்களா?

அந்தக் கார்டு வர்ற வரைக்கும் தொழுகை நேரம் காட்டுற இந்த டிவிக்கு ஒரு கொறையும் இல்ல. கிழட்டுக் கம்ப்யூட்டர், லினக்ஸ், சிவனேன்னு, சரி, அந்த வார்த்தை இங்க வேணாம், சும்மா கெடந்து ஓடுச்சு. கார்டு வந்துச்சு, வர்த்தோயோவுக்கு வேலை வந்துச்சு. நெட்டுல எவனோ சொன்னான்னு எல்லாத்தையும் அழிச்சு மறுபடி ஏத்தினான். நெட்டுல எல்லா வியாதிக்கும் அதுதான் மருந்து. அப்புறம் இன்னொருத்தன் சொன்னானாம், கம்ப்யூட்டர் தொடங்குற கட்டளை வரியில ஒரு சொல்லைச் சேத்தாப் போதும்னு. படம் வந்துச்சு, வீங்கிப்போய் வந்துச்சு. அஞ்சு வேளைல நாலுதான் தெரிஞ்சுது. ராத்திரித் தொழுகை, இஷா எங்கப்பான்னு இமாம் கேட்டாரு. கீழ இருக்கு, தெரியலைன்னாலும் இருக்குங்கிறான்! அது டிரைவரைச் சரி பண்ற சொல் இல்ல தம்பி, டிரைவரே வேணாம்னு சொல்ற சொல். படிச்சுப் பாக்கணும்ல?

கடைசியா, ரெண்டு வருஷம் முன்னாடி நோன்பு மாசத்துல, நீங்க சொல்ற அதே புது டிரைவர். சரியா நோன்பு திறக்கிற நேரத்துல இருட்டு. அத்தனை பேரும் பேரீச்சம்பழத்தைக் கையில வச்சுக்கிட்டு டிவியைப் பாக்குறாங்க. பாங்கு சொல்றவரும் டிவியைத்தான் பாக்குறாரு! பக்கத்து ஊர்ப் பாங்கு கேட்டுத்தான் வாயில போட்டோம்.

சிரிக்காதீங்க. நாளைக்கு மறுபடி நோன்பு தொடங்குது. பின்னாடி வாங்க. ஒயர் எதுல சொருகியிருக்கு? கார்டுல. காலைல தூசி தட்டுறேன்னு வர்த்தோயோ தட்டியிருக்கான், ஒயர் தப்பான ஓட்டையில இருக்குன்னு மாத்திட்டான். புடுங்குங்க. மேல, போர்டோட சேந்தாப்புல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க, அதுல. வந்துருச்சா? அஞ்சு வேளையும் தெரியுதா? அவ்வளவுதான்.

அப்ப கார்டு என்ன பண்ணுதா? ஒண்ணும் பண்ணல. ரெண்டு வருஷமா ஒண்ணும் பண்ணல. அந்த நோன்புக்கப்புறம் ஒயரைப் போர்டுக்கு மாத்திட்டு, கார்டுக்கு எந்த டிரைவரும் ஏறக்கூடாதுன்னு நான்தான் பூட்டி வச்சேன். கரண்ட் மட்டும் போகுது. டிரைவர் இல்லாததால விசிறியை அடக்க ஆளில்ல, முழு வேகத்துல சுத்துது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் ஹாஜி வந்து பெட்டிக்குப் பின்னாடி கையை வச்சுப் பாப்பாரு. காத்து அடிக்கும். பிந்தாங் நல்லா உழைக்கிறான்னு சொல்வாரு. ஆமா ஹாஜின்னுடுவேன். இது நன்மையில சேருமான்னு இமாமைக் கேக்கல. கேட்டா பதில் சொல்லிடுவாரு.

வர்த்தோயோகிட்ட டிரைவர் கோளாறுன்னே சொல்லிட்டுப் போங்க, நம்புவான்.

நேத்து ஹாஜி சோலோ டவுனுக்குப் போயி, பழைய சாமான் கடையில தேடி, இதே மாதிரி இன்னொரு கார்டு வாங்கிட்டு வந்துட்டாரு. பொம்பளைங்க தொழுற பக்கம் இருக்கிற டிவிக்கு.