ஓர் எழுத்தும் அரைச் சுற்றும்

உட்காருங்கள் மேடம். அந்த ஸ்டூல் கொஞ்சம் ஆடும். சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டால் ஆடாது. ஆளைப் பார்த்ததும் ஜெர்சி அளவு சொல்லிவிடுவது என் வழக்கம். உங்களுக்கு மீடியம் கச்சிதமாக இருக்கும். ஆனாலும் லார்ஜ்தான் கேட்பீர்கள். இதுவரை வந்த வக்கீல்கள் எல்லோரும் அப்படித்தான்.

க்ளப் உங்களை எதற்கு அனுப்பியிருக்கிறது என்று தெரியும். நகரக் கடையில் விற்ற ஜெர்சிகளில் ஓர் எழுத்து மாறியது கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே செய்ததுதான். செய்தவன் நான்தான். வந்ததுதான் வந்தீர்கள், முழுவதையும் கேட்டுவிட்டுப் போங்கள். பாதியில் எழுந்து போனால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

பத்தொன்பது வருடமாக இந்தக் கடையில் இருக்கிறேன். கடை என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். மைதானத்துக் கிழக்கு ஸ்டாண்டின் படிக்கட்டுக்கு அடியில் பலகை அடித்த பொந்து இது. கூரை சரிந்து வருவதால் உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். கடைசி அலமாரிக்கு மண்டி போட்டுத்தான் போக முடியும். ஆட்ட நாட்களில் என் தலைக்கு மேலே ஆறாயிரம் கால்கள் இருக்கும். நம் ஆட்கள் கோல் போட்டால் பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டும். எதிராளி போட்டால் கொட்டாது. தூசியை வைத்தே ஸ்கோர் சொல்லிவிடுவேன். இத்தனை வருடத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. கடையை விட்டுவிட்டு எப்படிப் போவது? இந்த க்ளப்பை என்னளவுக்கு நேசித்தவன் கிடையாது. இதை நானாகச் சொல்லக் கூடாது, ஆனால் வேறு யாரும் சொல்வதாகத் தெரியவில்லை.

நகரத்தில் ஒரு கடை திறக்கலாம் என்பது செயலாளரின் யோசனை. செயலாளர் என் மச்சினன், மனைவியின் தம்பி. நல்லவன். உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று அவன் பேசியதை நீங்களும் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பீர்கள்.

"கடைவீதில போற பிள்ளைங்க முதுகப் பாருங்க. பாக்காத ஊர்ல ஆடற எவனோ ஒருத்தன் பேரு இருக்கு. ஏன்னா அந்த ஜெர்சி அங்க கிடைக்குது. நம்மளோடது வேணும்னா ரெண்டு பஸ் மாறி இங்க வந்து, படிக்கட்டுக்கு அடியில குனிஞ்சு நிக்கணும். அதுவும் மேட்ச் அன்னிக்கு மட்டும். நம்மள யாருக்கும் தெரியலன்னா அது அவங்க தப்பா, நம்ம தப்பா?"

எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு நான் எழுந்தேன்.

"ஜெர்சிங்கறது துணி இல்ல. மழையில ரெண்டு மணி நேரம் நின்னு, தோத்து, தொண்டை கட்டிப்போயி, அதுக்கப்புறமும் ஒருத்தன் வந்து வாங்கறான் பாருங்க, அதுக்குப் பேருதான் ஜெர்சி. அதக் கொண்டுபோயி கண்ணாடிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவுல தொங்கவிட்டா அது வெறும் பனியன். வீட்டுக்குப் பக்கத்துலயே கிடைக்குதுன்னா மைதானத்துக்கு எவன் வருவான்?"

எனக்கும் கை தட்டினார்கள். கொஞ்சம் கூடுதலாகவே என்று நினைக்கிறேன். பின்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்கள் தலைவரோ காபியா டீயா என்று கேட்டால் இரண்டையும் கலந்து கொண்டுவரச் சொல்லும் ஆள். "மூணு மாசம் நடத்திப் பார்ப்போம். ஓடலன்னா மூடிடலாம்" என்று எழுந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி சின்னங்கள் தைத்துக்கொண்டிருந்தாள். ஜெர்சியின் நெஞ்சில் இருக்கும் க்ளப் சின்னமெல்லாம் அவள் கைவேலைதான். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்:

"உங்களுக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு மழை, தொண்டைன்னு அவ்வளவு தூரம் இழுத்தீங்க?"

"க்ளப்புக்காகச் சொன்னேன்" என்றேன்.

"சரி" என்றாள். அவள் 'சரி' சொன்னால் சரியில்லை என்று அர்த்தம்.

நகரக் கடைக்குச் சரக்கு அனுப்புவது என் பொறுப்பாயிற்று. நானும் முதலில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. மண்டி போட்டுப் போகிற அந்தக் கடைசி அலமாரியில் பதினோரு பெட்டி கோல்கீப்பர் ஜெர்சி கிடந்தது. என்றோ ஒரு வருடம் தவறிப்போய்த் தைத்தது. பித்தம் தலைக்கேறினால் கண்ணுக்குள் தெரியுமே ஒரு மஞ்சள், அந்த நிறம். கோல்கீப்பரே ஒரு முறை போட்டுவிட்டு, இதைப் போட்டுக்கொண்டு நிற்பதைவிட பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன் என்றான். பதினோரு பெட்டியையும் வண்டி ஏற்றிவிட்டேன். வேறு எதையும் அனுப்பவில்லை.

பத்து நாளில் மச்சினன் போன் செய்தான்.

"மாமா, கல்லூரிப் பொண்ணுங்க வரிசையில நிக்கறாங்க. அந்த மஞ்சள் இன்னும் இருக்கா?"

"இல்லையேப்பா."

"உங்களுக்கு இருக்கற மூளை எங்க யாருக்கும் இல்ல மாமா."

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன். பாராட்டினால் நன்றி சொல்வதுதானே முறை.

இப்போது உங்கள் எழுத்துக்கு வருகிறேன். எங்கள் அணியில் ஒன்பதாம் எண் பையன் ஒருவன் இருந்தான். நெட்டைக் கால், சின்ன உடம்பு. தரையிலிருந்து எம்பினால் இறங்கி வர நேரமாகும் என்பார்கள். அதனால் அவனுக்கு வெட்டுக்கிளி என்று பெயர் வந்தது. ஜெர்சியிலும் அதையே போட்டுக்கொண்டான். எல்லோரும் கேட்டது அவன் ஜெர்சியைத்தான். முதுகில் பெயர் அச்சிடுவது நான். இதோ இந்தச் சூட்டு இயந்திரத்தில்தான். ஓர் எழுத்தை மட்டும் மாற்றினேன். வெட்டுக்கிளி, வெட்டிக்கிளி ஆயிற்று. முந்நூறு ஜெர்சி. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துப்போய்த் திருப்பிக் கொண்டுவருவார்கள், கடை நாறும் என்று கணக்குப் போட்டேன்.

ஒரே ஓர் ஆள்தான் திருப்பிக் கொண்டுவந்தார். தமிழாசிரியர். அவரும் கவுண்டர் முன்னால் நின்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வகுப்பில் காட்ட உதவும் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றபடி, வேலை வெட்டி இல்லாத இளவட்டங்கள் எல்லாம் நான்தான் வெட்டிக்கிளி என்று முதுகைக் காட்டிக்கொண்டு கடைவீதியில் நடந்தார்கள். வேலையில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கென்று வாங்கினார்கள். அந்த முந்நூறும் ஒரு வாரம் தாங்கவில்லை. பிறகு யாரோ ஒரு உறுப்பினர், க்ளப்பின் மானம் போகிறது என்று புகார் எழுதினார். அந்தக் காகிதம்தான் உங்கள் பையில் இருக்கிறது.

வெட்டுக்கிளி ஆடுகிற வரைக்கும் அந்தக் கடையை அசைக்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்தால் நேராக இங்கேதான் வருவான். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, ஆட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்கு நடித்துக் காட்டுவான். நான் பார்க்கவில்லையே என்று அவனுக்கு அவ்வளவு கவலை. பிள்ளை இல்லாத எனக்கு அவன்தான் பிள்ளை என்று மனைவி சொல்வாள்.

உடை அறையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால் அந்த மாதம் பூட்ஸ்களையும் நான்தான் கவனித்தேன். பூட்ஸுக்கு அடியில் தரையைப் பிடிப்பதற்கு ஆறு குமிழ்கள் இருக்கும்; சாவி போட்டுத் திருக வேண்டும். அவனுடைய இடது பூட்ஸில், குதிகால் பக்கத்தில், ஒரு குமிழை அரைச் சுற்று குறைவாகத் திருகினேன். அரைச் சுற்றுதான். நீங்கள் பேனா மூடியை இப்போது திருப்பினீர்களே, அதைவிடக் குறைவு.

இடது பூட்ஸைத் தேர்ந்தெடுத்ததும் யோசித்துத்தான். இவனுக்கு இடது கால் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று கோச் எப்போதும் திட்டுவார். உபயோகமில்லாத கால்தானே, லேசாகப் பிசகினால் இரண்டு மூன்று வாரம் உட்காருவான், அதற்குள் மூன்று மாதம் முடிந்து கடையை மூடிவிடுவார்கள் என்று நினைத்தேன். பந்தை உதைப்பது வலது காலென்றாலும் எம்புவதும் இறங்குவதும் இடது காலில் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் ஆட்டம் பார்த்தவனா என்ன?

முதல் பாதியில் தூசி கொட்டியது. தலையால் முட்டி கோல் போட்டிருக்கிறான். அடுத்த நொடி மேலே ஆறாயிரம் கால்களும் அசையாமல் நின்றுவிட்டன. அப்படி ஒரு அமைதியை இந்தக் கடையில் நான் கேட்டதே இல்லை. அந்த நேரத்தில் கழுத்துத் துண்டுகளை நிறவாரியாக அடுக்கி முடித்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போனேன். முட்டியிலிருந்து கீழே பெரிய கட்டு. நடக்கலாம், ஆனால் ஆட முடியாது என்று டாக்டர் காலையில்தான் சொல்லியிருக்கிறார்.

"அண்ணே, பூட்ஸ நீங்கதானே பாத்தீங்க?" என்று கேட்டான். சந்தேகமாகக் கேட்கவில்லை. குழந்தை கேட்கிற மாதிரிதான் கேட்டான்.

"நான்தான்டா பாத்தேன்."

"எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

"சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப நான்தாண்ணே தப்பா இறங்கியிருக்கேன். கோல் போட்ட திமிரு. கீழ பாக்காம இறங்கிட்டேன்."

"இனிமே அத நினைக்காதே" என்றேன். பழத்தை உரித்து, கொட்டை எடுத்து, ஒவ்வொரு சுளையாக ஊட்டிவிட்டேன். நர்ஸ்கூட என்னை அவன் அப்பா என்று நினைத்துக்கொண்டாள்.

கடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அங்கேதான் எனக்கு ஏமாற்றம். கண்ணாடி ஜன்னலில் அவனுடைய பெரிய ஜெர்சி ஒன்றைத் தொங்கவிட்டார்கள். போகிறவர் வருகிறவரெல்லாம் உள்ளே வந்து, சீக்கிரம் எழுந்து வா என்று அதில் எழுதிவிட்டு, ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பெரிய ஜெர்சியைத் தைத்தவள் என் மனைவி. தைத்துக்கொண்டே கேட்டாள்:

"அன்னிக்கு அவன் பூட்ஸ நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேனே."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அதற்குப் பிறகு என் சட்டைக்கு மட்டும் அவள் பொத்தான் தைப்பதில்லை. நானே தைத்துக்கொள்கிறேன், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அவன் இல்லாமல் அணி வரிசையாகத் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. வருத்தம்தான். மூன்று மாதம் முடிந்து கூட்டம் போட்டார்கள். நகரக் கடை நிரந்தரம் என்று ஒரு கை விடாமல் எல்லாக் கையும் உயர்ந்தது. கடைக்குப் பொறுப்பாளராக வெட்டிக்கிளியை, மன்னியுங்கள், வெட்டுக்கிளியைப் போடுவதென்றும் முடிவாயிற்று. பாவம், அவனுக்கும் ஒரு வழி வேண்டுமே என்றார்கள்.

போன வாரம் ஊன்றுகோலோடு இங்கே வந்தான். குனியத் தெரியாமல் நெற்றியை இடித்துக்கொண்டான்; எச்சரித்திருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

"எனக்குப் பந்த விட்டா ஒண்ணுமே தெரியாதுண்ணே. எந்த அளவு யாருக்கு, எத எங்க வைக்கணும்னு நீங்கதான் கூட இருந்து சொல்லிக் குடுக்கணும். உங்கள விட்டா எனக்கு யார் இருக்கா?"

எல்லாவற்றையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். கண் கலங்கிவிட்டான். இப்போதும் அவன் தன்மேல்தான் தப்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். இடது பூட்ஸ், குதிகால் பக்கம், அரைச் சுற்று. எழுதிக்கொண்டீர்களா? வேண்டுமென்றால் இன்னொரு முறை சொல்கிறேன்.

இதில் எனக்கென்று நான் எதுவும் தேடவில்லை. அதை நீங்கள் நம்ப வேண்டும். முதல் கூட்டத்துக்கு முந்தின நாள் மச்சினன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். "கடைக்கு யாரப் போடறதுன்னுதான் தெரியல மாமா. நல்லா சிரிச்ச முகமா ஒரு ஆள் வேணும்" என்றான். நான் அப்போது சிரித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அவன் தண்ணீர் வாங்கிக் குடித்தான், அக்காவிடம் சொல்லிக்கொண்டான், வாசல்வரை போய்ச் செருப்பும் மாட்டினான். நான் கூடவே போய் நின்றேன். ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்திருந்தால், மறுநாள் கடை வேண்டும் என்று முதல் கையை நான்தான் தூக்கியிருப்பேன்.