மரமுட்டை

— பாத்து அண்ணி, வாசல்ல எலிப்பொறி. காலை விட்டுடாதீங்க.

— என்ன தம்பி, அறை பூராவும் பொறியா கிடக்கு?

— எலி முட்டையை விட்டு வைக்குமா? போன வருஷம் ஒண்ணு விடாம முழுங்கிடுச்சே.

— அது சரி. ஜெனரேட்டர் சத்தத்தையே காணோம்?

— நின்னுபோச்சு அண்ணி. மழைத்தண்ணி உள்ள பூந்துடுச்சு. என் நேரம், கொஞ்சம் கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா பொரிக்கிற பெட்டி சில்லுனு கிடக்கு.

— உள்ள முட்டை?

— அதேதான். தொட்டுப் பாக்கவும் கை வரல. பெட்டியில வெச்சப்புறம் பறவை டாக்டரம்மா தவிர யாரும் தொடக்கூடாதே. இந்தத் தீவை விட்டா வேற எங்கயும் இல்லாத பறவை, இந்த வருஷம் போட்டதே மூணு முட்டை. தூங்கியே கொன்னுட்டேன்.

— அழாதடா.

— அவங்க படகு வர்ற நேரம். அந்தம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? அண்ணன் கெஞ்சி வாங்கிக் குடுத்த வேலை. இனி என்னை வீட்டு வாசப்படி மிதிக்க விடுவாரா?

— உங்க அண்ணன் கிடக்கார், அவர் தூங்காத தூக்கமா? நான் சொல்றதக் கேளு. கத்தக்கூடாது.

— சொல்லுங்க.

— நேத்து மத்தியானம் கூடு இருக்கற பாறைக்குப் போனேன்ல?

— போனீங்க. நிஜ முட்டைய எடுத்துட்டு, தாய் ஏமாறட்டும்னு மரமுட்டைய வெச்சுட்டு வந்தீங்க. வருஷா வருஷம் பண்றதுதானே.

— வெக்கலடா.

— என்னது?

— மழை பிடிச்சுக்கிச்சு. தாய்ப்பறவை எழுந்திரிக்கவே மாட்டேன்னுது. அடியில கைய விட்டேன். கொத்தும்னு பாத்தா, என் கையையும் சேத்து றெக்கையால மூடிக்கிச்சு. மனசு வரல தம்பி. விடிஞ்சதும் மாத்திக்கலாம்னு மரமுட்டையக் கொண்டாந்து பெட்டியில வெச்சுட்டேன். சாயம் அடிச்சதுதானே, யார் கண்டா?

— அப்ப நான் ராத்திரி பூரா ஒப்பாரி வெச்சது கட்டைக்கா?

— கட்டைக்கேதான், மடையா! நிஜ முட்டை தாய்க்கு அடியில கதகதன்னு இருக்கு. சுத்தி நீ வெச்ச பொறி இருக்கு, எலி கிட்ட அண்டாது. எழுந்து மூஞ்சியக் கழுவு... ஏன்டா அப்படிப் பாக்கற? சிரியேன்.

— உங்க காலடியில கிடக்கற பொறியெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கிறீங்க அண்ணி? மரமுட்டைக்கு எதுக்குக் காவல்னு, பாறையில இருந்ததத்தான் நேத்து சாயங்காலம் ஒண்ணு விடாம பொறுக்கிட்டு வந்தேன்.