மூன்று முறை கூப்பிட்டேன்

எனக்குச் சூடான சாப்பாடு பிடிக்கும். மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போய், மனைவி அடுப்பிலிருந்து இறக்கியதை அப்படியே தட்டில் வாங்கிச் சாப்பிட்டால்தான் எனக்கு அது சாப்பாடு. இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் உங்களுக்கு விளங்காது.

உரிமையியல் நீதிமன்றத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பெயர் கூப்பிடுவது என் வேலை. வழக்குப் போட்டவர் வாதி, எதிர்ப்பக்கம் பிரதிவாதி. முறை வந்ததும் வாசலில் நின்று மூன்று முறை கூப்பிடுவேன். வாதி வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி. பிரதிவாதி வராவிட்டால் அவர் பேச்சைக் கேட்காமலே தீர்ப்பு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு என்பார்கள். சட்டென்று முடிந்துவிடும். வந்துவிட்டாலோ பதிலுரை, சாட்சி, குறுக்கு விசாரணை, வாய்தா என்று இழுத்துக்கொண்டே போகும். என் சாப்பாடு ஆறிப்போகும்.

"உங்க கோர்ட்டு மட்டும் எப்படிங்க டாண்ணு ஒரு மணிக்கு எந்திரிக்குது?" என்று மனைவி கேட்பாள். கைராசி என்பேன்.

மூன்று முறை கூப்பிட வேண்டும், அவ்வளவுதான். எவ்வளவு சத்தமாக என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வக்கீல் வைத்தவர்களிடம் நான் வாலாட்டுவதில்லை. தனியாக வருபவர்கள், அதிலும் காது மந்தமானவர்கள், அவர்களைத்தான் விசேஷமாகக் கவனிப்பேன். அந்தத் தச்சர் அப்படி வந்தவர். பட்டறையும் வீடும் அவருக்கு ஒரே கூரைக்குக் கீழே. அதைக் காலி செய்யச் சொல்லி சித்தப்பா மகன் வழக்குப் போட்டிருந்தான். போனால் படுக்கக்கூட இடமில்லை.

"தம்பி, எனக்குக் காது சரியா கேக்காது. கூப்பிட்டா கொஞ்சம் கை காட்டுறீங்களா?"

"அதுக்கென்ன பெரியவரே, நான் இருக்கேன்ல. அப்படிக் காத்தாட உக்காருங்க."

தாழ்வாரக் கோடியில், ஜன்னலோரம், நல்ல பெஞ்சு. குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தேன். பிறகு வாசலுக்கு வந்து, சுவரைப் பார்த்து, குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல அவர் பெயரை மூன்று முறை சொன்னேன். தீர்ப்பாகிவிட்டது. அன்று சாப்பாடு பிரமாதம்.

தீர்ப்பை ரத்து செய்ய முப்பது நாளுக்குள் மனுப் போடலாம். போட்டார். அங்கேயேதான் காத்திருந்தேன், கூப்பிட்டது கேட்கவில்லை என்று பிரமாணப் பத்திரமும் கொடுத்தார். நீதிபதி என்னைக் கேட்டார்.

"மூணு தடவை கூப்பிட்டேங்கய்யா. அவர் டீ குடிக்கப் போயிருந்தாரு."

முதல் பாதி சத்தியமான உண்மை. பக்கத்தில் நின்ற தச்சருக்கு நான் சொன்னது காதில் விழவில்லை. மனு தள்ளுபடியானது. அடுத்த மாதம் அமீனா போய் அவரை வெளியேற்றி, சாவியை வாதியிடம் கொடுத்தார்.

இப்படி எத்தனை பேர் என்று கேட்பீர்கள். நாற்பத்தொன்று. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. ஒவ்வொருவரையும் நானே பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், தள்ளி உட்கார வைத்தேன், கேட்காதபடி கூப்பிட்டேன்.

ஆனால் ஒன்று. ஊரைவிட்டுப் போகும் முன் தச்சர் என்னைத் தேடி வந்தார். மிச்சப் பலகையில் எனக்காக ஒரு முக்காலி செய்திருந்தார்.

"எல்லாரும் விரட்டுனாங்க தம்பி. நீங்க ஒருத்தர்தான் உக்காருங்கன்னு சொன்னீங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதில் உட்கார்ந்துதான் இப்போது தினமும் சாப்பிடுகிறேன். துளிகூட ஆடாது. நான் அவருக்குக் கெடுதல் செய்திருந்தால், நீங்களே சொல்லுங்கள், இவ்வளவு நன்றாகச் செய்து கொடுத்திருப்பாரா?