பதினொரு மணித்தியாலம்

"பதினொரு மணித்தியாலத்தில பிளேனை ஒருக்காலெண்டாலும் கரைக்கு விடமாட்டினமோ?"

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகில் எனக்குப் பக்கத்தில் இருந்த கட்டைபறிச்சான் ஊர் மீனவர் தன் மனைவியிடம் கேட்டார். மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அந்த அம்மா நாளைக்குத் தனியாக லண்டன் போகிறாராம். இந்த ஒரு மணித்தியாலக் கடலுக்கே லைஃப் ஜாக்கெட்டை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்த நான் காதைக் கொடுத்தேன்.

"கொழும்பில ஏறினா லண்டனிலதான் இறக்கம். அது என்ன உங்கட வள்ளமே?"

"காத்து எழும்பினா?"

"ஓட்டுறவை பாப்பினம்."

"நீ போய்ச் சேருமட்டும் நான் என்னெண்டு இருக்கிறது?"

அம்மா சிரித்தார். "இஞ்சாருங்கோ, முப்பது வருசமா நீங்கள் கடலுக்குப் போனா, வள்ளம் கரைக்கு வருமட்டும் நான் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. நீங்களும் ஒருநாள் இருந்து பாருங்கோவன்."

ஒரு பெரிய அலை லோஞ்சைத் தூக்கிப் போட்டது. நான் மூன்றாவது முடிச்சையும் போட்டேன். மீனவரோ அலையைக் கவனிக்கவேயில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"தேத்தண்ணியெண்டாலும் குடிக்கலாமோ?"